உந்த நாலு நிறப் பேனையும் நாற்பத்தோராம் கிழமையும்

பிள்ளை, இண்டைக்கு என்ன திகதி? தெரியாது. எத்தினையாம் கிழமை எண்டு கேட்டால் மட்டும் நித்திரையிலயும் சொல்லுவாய், "நாற்பத்தொண்டு, பெரியப்பா" எண்டு. ஒஸ்லோவில வளந்ததுகள் எல்லாத்துக்கும் உதுதான் பஞ்சாங்கம். எட்டாம் கிழமை பனிக்கால லீவு, நாற்பதாம் கிழமை இலையுதிர்கால லீவு, மிச்சமெல்லாம் ஓட்டம். அமாவாசை பறுவம் பாத்து நடந்த சனத்தின்ர பேரப்பிள்ளையள் இப்ப இலக்கம் பாத்து நடக்குதுகள். நடக்கட்டும். நோர்வேக்காரன்ர ஊர், நோர்வேக்காரன்ர கணக்கு.

நான் கேக்க வந்தது வேற. உந்தப் பிறிட்ஜ் கதவில ஒட்டி வைச்சிருக்கிறியே, உதென்ன? மேல பெரிசா "பலன்ஸ்" எண்டு எழுதி, கீழ கோடு போட்டு, பெட்டி பிரிச்சு, நாலு நிறத்தில அடிச்சு வைச்சிருக்கிறாய். நீலம் வேலைக்கு. சிவப்பு படிப்புக்கு. பச்சை பிள்ளையளுக்கு. மஞ்சள்? "அது எனக்கான நேரம், பெரியப்பா." எப்பவாம்? வியாழக்கிழமை இரவு பத்தரையிலயிருந்து பதினொண்டு வரைக்கும். சந்தோசம். அந்த நேரம் நீ சோபாவில வாயைத் திறந்துகொண்டு நித்திரை. நித்திரைக்கும் மஞ்சள் பூசித்தான் கொள்ள வேணுமோ?

அது கிடக்கட்டும். உந்த அட்டவணை கீற எவ்வளவு நேரம் எடுத்தனி? ஞாயிறு பின்னேரம் முழுக்க. அந்தப் பின்னேரத்தை எந்த நிறத்தில போட்டனி?

கோவிக்காதே. நீ செய்யிறது நல்ல காரியம். ரசாயனத்தில மாஸ்ரர் முடிச்சு, ஆய்வுகூடத்தில குந்தியிருந்து சம்பளம் எடுக்கிற பிள்ளை, "நான் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கப் போறன்" எண்டு வெளிக்கிட்டியே, அதுக்கு மனம் வேணும். உன்ர மாமி கோயில் வாசலில நிண்டு "நல்ல வேலை இருக்கேக்க ரீச்சராம்" எண்டு மூக்கைச் சுளிச்சவ. அதே மாமி, நீ பாஸ் பண்ணின அண்டைக்கு "எங்கட மருமகள் ரீச்சர்" எண்டு லட்டு குடுப்பா. நான் உதுகள் எல்லாத்தையும் பாத்து முடிச்ச ஆள்.

நீ செய்யிற படிப்புக்குப் பேர் பே-பே-ஊ. முதல் தரம் கேக்கேக்க ஆரோ குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டுறாங்கள் எண்டு நினைச்சன். பேந்துதான் விளங்கிச்சு. கையில பட்டம் இருக்கிறவை ஆசிரியராக எடுக்கிற பயிற்சி. முழுநேரம் எண்டால் ஒரு வருசம், அரைநேரம் எண்டால் ரெண்டு வருசம், மொத்தம் 60 புள்ளி. நீ போற ஒஸ்லோமெட் 2018இலதான் பல்கலைக்கழகம் எண்டு பேர் எடுத்தது. அது இருக்கிற பிலெஸ்திரேதெ வளவில முந்தி புறிடன்லுண்ட்காரர் பியர் காய்ச்சினவை. இப்ப அதே இடத்தில ஆசிரியர்மாரைக் காய்ச்சி எடுக்கினம். நுரை எப்பவும் கொஞ்சம் இருக்கும்தானே.

வா, உன்ர கணக்கை நான் பாக்கிறன். எனக்குப் பேனை வேண்டாம், விரல் காணும். ஒரு புள்ளிக்கு 25இலயிருந்து 30 மணித்தியாலம் படிக்க வேணும் எண்டது ஐரோப்பாக் கணக்கு. உனக்கு வருசத்துக்கு 30 புள்ளி. அப்ப 750இலயிருந்து 900 மணித்தியாலம். படிப்பு வருசம் நாற்பது கிழமை எண்டு வை. கிழமைக்கு இருபது சொச்சம் வருது. முழு வேலை எண்டால் முப்பத்தேழரை மணித்தியாலம், நீ 80 வீதம் செய்யிறாய், அது முப்பது. நித்திரை நாளுக்கு ஏழு எண்டால் நாற்பத்தொன்பது. எல்லாத்தையும் கூட்டு. தொண்ணூற்றொன்பது. கிழமையில மொத்தம் எவ்வளவு? 168. மிச்சம்?

அறுபத்தொன்பது மணித்தியாலம், பிள்ளை! அது எங்க போச்சு? களவு போச்சோ? பொலிசில ஒரு முறைப்பாடு குடுப்பமோ?

சமைக்கிறது, தின்னுறது, தோயிறது, ரீ-பான் சுரங்க ரெயிலில இழுபடுறது, பிள்ளையளின்ர மூக்கைத் துடைக்கிறது எண்டு தாராளமா நாற்பதைக் கழி. அப்பவும் முப்பது மணித்தியாலம் கிட்டக் கையில நிக்குது. நீயோ "நேரமே இல்லை, பெரியப்பா" எண்டு கண்ணைக் கசக்கிறாய். படிப்பு உன்ர நேரத்தைத் தின்னுது எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறாய். பாவம் படிப்பு. அது தன்ர இருபதைத்தான் கேட்டது. அதையும் நீ முழுசாக் குடுக்கேல்ல.

நான் ஒண்டும் காணாமல் கதைக்கேல்ல. ஆனியில உன்ர சின்னவளின்ர வகுப்பில கோடை விழா வந்ததே, ஞாபகமிருக்கோ? ஆளுக்கு ஏதாவது ஒரு சாப்பாடு கொண்டு வாங்கோ எண்டு பெற்றோர் குழுவில ஒரு செய்தி. அவ்வளவுதான். ஒரு அம்மா முந்திரிகைப்பழத்தைக் கழுவிப் பெட்டியில போட்டுக்கொண்டு வந்தா. ஒரு அப்பா கடையில வாங்கின பன் பையை அப்பிடியே மேசையில வைச்சார், விலைத்துண்டு கூடக் கிழிக்கேல்ல. ஆராவது அவரைக் குறைவாப் பாத்தவையோ? எல்லாரும் ஆளுக்கு ஒண்டு எடுத்துத் திண்டவை.

நீ என்ன செய்தனி? மீன் றோல்ஸ். முதல் நாள் இரவு நான் குசினிக்க தண்ணி குடிக்க வந்தன். மா தோசை ஒரு அடுக்கு. மீனும் கிழங்கும் பிரட்டின சட்டி ஒரு பக்கம். முட்டைக் கோப்பை, பாண் தூள் தட்டு, கொதிக்கிற எண்ணெய். அதுக்கு நடுவில உன்ர மடிக்கணினி. திரை கறுத்துப்போய் அதுவும் நித்திரை. அதைத் தட்டி எழுப்ப நீ விரல் வைச்ச எழுத்துகளிலயெல்லாம் பாண் தூள். இரவு 11.59க்கு முதல் ஒப்படை அனுப்ப வேணும் எண்டு, ஒரு கையால றோல்ஸைச் சுருட்டி மற்றக் கையால "மாணவர் பங்கேற்பு" எண்டு தட்டிக்கொண்டு நிக்கிறாய். மாணவர் பங்கேற்பாம்! வீட்டில இருக்கிற ரெண்டு மாணவரும் மேல படுத்துக் குறட்டை. அவையின்ர அப்பா தொலைபேசியில உதைபந்து பாக்கிறார்.

அடுத்த நாள் விழாவில நடந்ததைச் சொல்லட்டோ? பெடியள் வந்தாங்கள், ஒரு கடி கடிச்சாங்கள், "மீனோ?" எண்டாங்கள், முந்திரிகைப்பழத்துக்குப் போனாங்கள். பாகிஸ்தான்கார அப்பா ஒருத்தர் மட்டும் ருசி தெரிஞ்சு திண்டார். மிச்சத்தை வீட்டில நாங்கள் சூடாக்கிச் சூடாக்கித் திண்டம். உன்னைக் கேட்டால், "எங்கட ஆக்களின்ர மானம், பெரியப்பா" எண்டாய். றோல்ஸில தொங்கிக்கொண்டு நிக்கிற மானம் எங்களுக்கு எதுக்கு? அதைக் கழட்டி எண்ணெய்க்க போடு.

இனிப் பிள்ளையளின்ர கிழமையைப் பார். திங்கள் நடனம். செவ்வாய் மிருதங்கம். புதன் உதைபந்து, அதுக்கு ஒரு அப், அது நாய் குரைச்ச மாதிரி நாள் முழுக்கக் கத்தும். வியாழன் நீச்சல். வார இறுதியில றொம்மனில அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம். தமிழை விடு எண்டு நான் சொல்லமாட்டன். சொன்னால் என்ர நாக்கு அழுகிப்போம். ஆனால் சின்னவளுக்கு நடனத்தில விருப்பமோ எண்டு ஆராவது அவளைக் கேட்டனீங்களோ? அவள் பின் வரிசையில நிண்டு சுவரைப் பாத்து ஆடுறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அரங்கேற்றம் முடிஞ்சுது, மண்டபம் எடுத்து, மேசைக்கு மேசை பூ வைச்சு. அதைப் பாத்த நாளிலயிருந்துதான் உனக்குத் திங்கட்கிழமை இல்லாமல் போச்சு.

இன்னொரு கூத்து உன்ர படிக்கிற மூலை. புது மேசை, புது விளக்கு, வாசனை மெழுகுதிரி, காதை மூடுற கருவி. புத்தகத்தை விரிச்சு, தேத்தண்ணிக் கோப்பையைப் பக்கத்தில வைச்சு, படம் எடுத்துப் போட்டாய். நூறு பேர் இதயம் போட்டவை. அந்தப் பக்கத்தை வாசிச்சு முடிச்சனியோ? நாங்கள் உந்த நாட்டுக்கு வந்ததும் படிப்பு எண்டு சொல்லித்தான். எழுபது எண்பதுகளில கனபேர் வந்தது நாட்டுப்புற உயர்பள்ளிக்கு. 1864இல ஹாமரில சாகாத்தூன் எண்டு ஒண்டு தொடங்கினதோட இஞ்ச வந்த பள்ளிக்கூட வழக்கம் அது. சோதினை இல்லை, புள்ளி இல்லை. யாழ்ப்பாணத்தானுக்கு சோதினை இல்லாத பள்ளிக்கூடம் எண்டால் நம்பேலுமோ? ஏதோ சுத்துமாத்து எண்டு பயந்துகொண்டே படிச்சம். பேந்து வடக்க போய் பின்மார்க்கில மீன் வெட்டினம். மெழுகுதிரி கொளுத்தினது கரண்ட் போன நாளில மட்டும்தான்.

உனக்கு உண்மையான படிக்கிற அறை எது எண்டு நான் சொல்லட்டோ? ரீ-பான். ஸ்டோவ்னரில ஏறி, றொம்மன் தாண்டி, றொம்சோஸில மலைக்குள்ள போய், குறூருட்டில வெளிச்சத்துக்கு வந்து, நகரம் போய்ச் சேர அரை மணித்தியாலம் கிட்ட. போக ஒண்டு, வர ஒண்டு. அதுக்குள்ள சட்டி கழுவேலாது. உடுப்பு மடிக்கேலாது. மாமி கூப்பிடமாட்டா. கதிரை இருக்கு, சூடு இருக்கு. நீ அதில இருந்து என்ன பாக்கிறாய்? "நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி" எண்டு ஒரு அமெரிக்கன் கத்துற காணொளி.

சரி, சிரிச்சது காணும். உன்ர பாடப்புத்தகத்துக்கு வருவம். நீ வாய் ஓயாமல் சொல்லுற அந்த சோவியத்துக்காரர், வீகொட்ஸ்கி. 1896இல பிறந்து 1934இல போய்ச் சேந்த மனுசன், முப்பத்தேழு வயசு. அவர் சொன்னது என்ன? ஒரு பிள்ளை தனியச் செய்ய ஏலாததை, கொஞ்சம் கூடத் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்தில நிண்டால் செய்யும். இண்டைக்குத் துணையோட செய்தது நாளைக்குத் தனியச் செய்யும். அந்தத் துணை ஒட்டி நிக்கவும் வேணும், நேரத்துக்கு விலகவும் வேணும். நல்ல கதை. உதை எங்கட திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையிட்டக் கேட்டாலும் சொல்லியிருப்பான்.

பகிடி இல்லை, பிள்ளை. 1789இல சென்னை எழும்பூரில பட்டாளத்து அநாதைப் பெடியளின்ர விடுதிக்கு அண்ட்ரூ பெல் எண்டு ஒரு ஸ்கொட்லாந்துப் பாதிரியார் பொறுப்பா வந்தார். வாத்தியார்மார் காணாது, இருக்கிறவையும் அவர் சொல்லுக் கேக்கேல்ல. ஊர்ப் பள்ளிக்கூடத்தில பிள்ளையள் மணலில விரலால எழுதிப் பழகுறதைப் பாத்தார். அந்த மணலைத் தன்ர விடுதிக்கும் கொண்டு வந்தார், தெரிஞ்ச பெடியனைத் தெரியாத பெடியனுக்குச் சொல்லிக் குடுக்க விட்டார். 1797இல லண்டனில அதைப் புத்தகமாப் போட்டார். "மெட்ராஸ் முறை" எண்டு வெள்ளைக்காரன்ர தேசமெல்லாம் பரவிச்சு. இப்ப நீ நோர்வே வகுப்பில பக்கத்துப் பிள்ளையைக் "கற்றல் கூட்டாளி" எண்டு சொல்லி, பெரிய புதுமையா எழுதிக் குடுக்கிறாய். எழுது, நல்ல புள்ளி வரட்டும். காப்புரிமை நாங்கள் கேக்கமாட்டம்.

இப்ப நான் ஒண்டு கேக்கிறன். உன்ர மூத்தவனுக்கு எத்தினை வயசு? பதினொண்டு. காலமை அவனுக்குப் பாண் வெட்டி, சீஸ் சீவி, பெட்டியில அடுக்கி, பையில வைச்சு, பையைத் தோளில கொழுவி விடுறது ஆர்? தோடம்பழத்தை உரிச்சு நார் எடுத்து வைக்கிறது ஆர்? இஞ்சத்தைப் பிள்ளையள் முதலாம் வகுப்பிலயே சீஸ் சீவுற கருவியைப் பிடிக்குதுகள். தங்கட மாத்பாக்க எண்ட பாண் பொதியைத் தாங்களே கட்டுதுகள். கோணலாத்தான் வெட்டுதுகள். கோணல் பாண் தொண்டைக்க இறங்காதோ?

பகலில பிள்ளையளின்ர சுயாதீனம் எண்டு பத்துப் பக்கம் எழுதுறாய். இரவில அவன்ர சப்பாத்து நூலை நீ கட்டுறாய். ஊருக்குத்தான் உபதேசமோ? வாத்தியார் பிள்ளை மக்கு எண்டு சனம் சும்மா சொல்லேல்ல. வாத்தியார் வெளியில கற்பிச்சு முடிச்சிட்டு, வீட்டில எல்லாத்தையும் தானே செய்து போடுறதால வந்த வினை அது.

உன்ர மனுசனுக்கும், வீகொட்ஸ்கி சொன்ன மாதிரி, துணையோட ஏறக்கூடிய ஒரு வளர்ச்சி வலயம் இருக்கு. ஆளுக்குத் தேத்தண்ணி போடத் தெரியும். முட்டை அவிக்கத் தெரியும். அப்ப அடுத்த படி என்ன? பருப்பு. ரெண்டு நாள் பக்கத்தில நிண்டு சொல்லிக் குடு. மூண்டாம் நாள் மேல போய்ப் புத்தகத்தைத் திற. பருப்பு அடிப்பிடிச்ச மணம் வந்தாலும் கீழ இறங்காதே. "விடுங்கோ, நான் செய்யிறன்" எண்டு மட்டும் வாயைத் திறந்தியோ, அந்த மனுசன் இன்னும் இருபது வருசத்துக்கு அடுப்படிப் பக்கம் தலைவைச்சுப் படுக்கமாட்டார். ஆம்பிளையளுக்கு உந்தச் சொல்லு அமிர்தம். நான் ஆம்பிளை, எனக்குத் தெரியாதோ?

படிக்கவோ படிப்பிக்கவோ போன ஒருத்தருக்கு எந்தக் காலத்திலயும் வேற ஆரோதான் சமைச்சுப் போட்டவை. நோர்வேயில 1739இல எல்லாப் பிள்ளையளும் படிக்க வேணும் எண்டு ராசா கட்டளை போட்டார். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கட்ட வழியில்லை. அதால வாத்தியார் பண்ணை பண்ணையாப் போனார். ஒரு பண்ணையில கொஞ்ச நாள் தங்கிப் படிப்பிச்சிட்டு அடுத்த பண்ணை. 1860இல சட்டம் வந்து நிரந்தரப் பள்ளிக்கூடம் கட்டச் சொல்லும் வரைக்கும் நாட்டுப்புறத்தில அதுதான் வழமை. 1826இல வடக்க துரொன்டெனெஸில அரசாங்கம் தன்ர முதல் ஆசிரியர் கலாசாலையைத் திறந்தது. அந்தக் காலத்து வாத்தியார் கையில புத்தகத்தோட பண்ணைக்குள்ள வரேக்க, கஞ்சியைக் கிண்டிக்கொண்டு நிண்டது ஆர்? பண்ணைக்காரி.

எங்கட பக்கத்தையும் பார். என்ர அக்கா கோப்பாய் ஆசிரிய கலாசாலையில பயிற்சி எடுத்தவ. கலியாணம் கட்டி, கைப்பிள்ளை இருக்கேக்க போனவ. அவ ஒரு பலன்ஸும் பாக்கேல்ல. பிள்ளையை அம்மா பாத்தா. அம்மாவின்ர மாட்டைச் சின்னம்மா பாத்தா. சின்னம்மாவின்ர அடுப்பை மச்சாள் பாத்தாள். அத்தான் என்ன பாத்தார்? பேப்பர் பாத்தார்.

இஞ்ச அம்மாவும் இல்லை, சின்னம்மாவும் இல்லை, மாடும் இல்லை. அத்தான் மட்டும் இருக்கிறார். அதுதான் உன்ர பிரச்சினை, பிள்ளை. பிறிட்ஜ் கதவில ஒட்டினதில அந்தப் பிரச்சினைக்கு ஒரு நிறமும் இல்லை. நாலு நிறத்துக்கும் ஒரே கைதான்.

சாதாரண கிழமையை எப்பிடியும் சமாளிச்சுப் போடுவாய். நான் பயப்பிடுறது பிறாக்சிஸுக்கு. பே-பே-ஊவில அறுபது நாள் பள்ளிக்கூடத்தில நிண்டு படிப்பிச்சுக் காட்ட வேணும். அந்தக் கிழமையளில காலமை எட்டரைக்கு வேற ஆரின்ரயோ வகுப்பில நீ நிக்க வேணும். முதல் நாள் இரவு பாடத்திட்டம் எழுத வேணும். பாடம் முடிய உன்ர வழிகாட்டி ரீச்சர் வந்து குந்தி, "நீ எப்பிடி உணர்ந்தாய்?" எண்டு கேப்பா, அதுக்கும் மறுமொழி வேணும். அந்த நேரம் பாத்துச் சின்னவளுக்குக் காய்ச்சல் வரும். வராமல் இருக்குமோ? காய்ச்சலுக்கும் அட்டவணை தெரியும்.

ஊரில வண்டில்காரன் பாரத்தை ஒருக்கால் ஏத்திப்போட்டுச் சும்மா இருக்கமாட்டான். மேடு வந்தால் முன்னுக்குத் தள்ளிக் குந்துவான், பள்ளம் வந்தால் பின்னுக்குப் போவான். ரோட்டைப் பாத்துப் பாரத்தை மாத்துவான். நீயோ வருசம் முழுக்க ஒரே பெட்டி, ஒரே நிறம். பிறாக்சிஸ் கிழமைக்கு நடனத்தைத் தூக்கு. நீச்சலைத் தூக்கு. ஒருத்தரும் தாண்டு போகமாட்டினம். பருப்பும் சோறும் காணும். வீடு கூட்டாட்டில் கூரை இடியாது. மனுசனை அவரின்ர வேலையிடத்தில அந்தக் கிழமைக்கு வேளைக்கு வர இப்பவே கேக்கச் சொல்லு, முதல் நாள் இரவில கேக்காமல்.

அதோட இன்னொண்டு. வசந்தத்தில துக்னாட் எண்டு அடுக்குமாடிச் சனம் வெளிக்கிட்டுச் சருகு கூட்டுதுகள். வாருகோலைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளா நிக்கிறது நீ. ஊரார் சருகைக் கூட்ட உனக்கு வெக்கமில்லை. "எனக்கு இந்தக் கிழமை சோதினை, என்ர பிள்ளையளை ரெண்டு மணித்தியாலம் பாருங்கோ" எண்டு எதிர்வீட்டில கேக்க மட்டும் வெக்கம். சாமத்தியவீட்டுக்கு முந்நூறு பேரைக் கூப்பிடத் தெரிஞ்ச சனம், ஆபத்துக்கு ஒரு ஆளைக் கூப்பிடத் தெரியாமல் நிக்குது. கேட்டுப் பார். அந்த எதிர்வீட்டு மனுசி தனிய இருந்து தொலைக்காட்சியோட கதைக்கிறா. உன்ர பெட்டை போனால் அவவுக்கும் ஒரு பொழுது.

குடும்ப நேரம் எண்டு சனிக்கிழமையளில காசு கட்டி, பிள்ளையள் துள்ளுற மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போறியே, அதுக்கும் ஒரு வழி இருக்கு. 2017இல கட்டின ஸ்டோவ்னர் கோபுரம் கூப்பிடு தூரத்தில நிக்குது. 260 மீற்றர் வளைஞ்சு வளைஞ்சு போற நடைபாதை, உச்சி 15 மீற்றர். ஏற ஒரு குறோனரும் இல்லை. வண்டிலில குழந்தையைத் தள்ளிக்கொண்டும் போகலாம். மேல நிண்டால் குறூருட்டாலன் முழுக்கத் தெரியும். அங்க வைச்சுப் பெரியவன் உன்னட்ட எதையாவது சொல்லுவான். துள்ளுற மண்டபத்தில அவன் சொன்னாலும் உனக்குக் கேக்குமோ?

லோனெகாசன்காரனைப் பார். படிப்புக் கடன் குடுத்திட்டு, நீ ஒழுங்காப் பாஸ் பண்ணினால் 40 வீதம் வரைக்கும் மானியமா மாத்தி விடுறான். கடன் குடுத்தவனே நாற்பது வீதம் விட்டுத் தாறான். நீ உனக்கு ஒரு வீதம் விடமாட்டியோ? எல்லாத்திலயும் முதல் புள்ளி வேணுமோ? ஒப்படையில பாஸ் எண்டு வந்தால் அது பாஸ்தான். அந்த ஒப்படையை மூண்டாம் தரமும் திருத்தி எழுதினதுக்கு ஆரும் உனக்கு மேலதிகமா ஒரு புள்ளி தரேல்ல. உன்ர வகுப்பில நாளைக்கு இருக்கப்போற பெடியளும் உதைக் கேக்கப்போறதில்லை. "ரீச்சர், இண்டைக்கு ஏதாவது வெடிக்க வைப்பீங்களோ?" எண்டுதான் கேப்பாங்கள்.

நான் என்ன செய்வன் எண்டு கேக்கிறியோ? கேக்காட்டிலும் சொல்லுறன். பிறாக்சிஸ் நடக்கிற கிழமையளில செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடத்தில இருந்து பிள்ளையளை நான் கூட்டியாறன். சும்மா ஸ்டோவ்னர் சென்ரரில கோப்பியைக் கையில வைச்சுக்கொண்டு, நாலு கிழடுகளோட உலக அரசியல் கதைக்கிற நேரம்தானே. ஆனால் சில நிபந்தனை. எனக்கு அட்டவணை தரக்கூடாது. எனக்கு நிறமும் அடிக்கக்கூடாது. பெட்டியில வைச்ச பழத்துண்டு வேண்டாம், பாணும் சம்பலும் குடுப்பன். வீட்டுப்பாடம் நான் பாக்கமாட்டன். அது மூத்தவன்ர பாடம்.

நான் அவனுக்கு 304 சீட்டாட்டம் பழக்கப்போறன். ஜக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஆசுக்குப் பதினொண்டு, பத்துக்குப் பத்து, ராசாவுக்கு மூண்டு, ராணிக்கு ரெண்டு. ஒரு இனத்துக்கு எழுபத்தாறு, நாலு இனத்துக்கு 304. மனக்கணக்கும் வரும், துருப்பை ஒளிச்சு வைக்கிற புத்தியும் வரும். சின்னவளையும் பக்கத்தில வைச்சிருப்பன். மூத்தவன் அவளுக்குச் சொல்லிக் குடுக்கட்டும். ஆனால் ஒண்டு, முதல் கிழமை அவன் தோப்பான், சீட்டை எறிஞ்சுபோட்டுக் கத்துவான். அதுக்கு என்ன செய்யிறதெண்டு உன்ர புத்தகத்தில எந்தப் பக்கத்தில கிடக்குதெண்டு இப்பவே பாத்து, அவன்ர அப்பாவிட்டச் சொல்லி வை.